பூப்பாறை வில்லிஸும் சின்னமனூர் மஹிந்திராவும்

பூப்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக் கொட்டகையில்தான் அந்த வில்லிஸைப் பார்த்தேன். தார்ப்பாயை விலக்கியதும் முதலில் தெரிந்தது அதன் முகம். ஒன்பது நெட்டைத் துளைகள் உள்ள கிரில், அதற்குள்ளேயே பதிந்திருந்த இரண்டு சின்ன விளக்குகள், தட்டையான தாழ்ந்த பானட். இரண்டாம் உலகப் போர்ப் புகைப்படங்களில் பார்த்த அதே முகம். தோட்டத்து முதலாளி எண்பதைத் தொடும் பெரியவர். "இது அமெரிக்காவிலேயே செஞ்சு வந்தது தம்பி. மஹிந்திரா இல்ல" என்றார். அவர் கேட்ட விலையில் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்கானது என்று எனக்குத் தெரியும். இருந்தும் மலையிறங்கும் வழியெல்லாம் வீட்டில் அந்த வண்டியை எங்கே நிறுத்தலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து சின்னமனூரில் திராட்சை விவசாயி ஒருவரிடம் இன்னொரு ஜீப் இருப்பதாகத் தகவல் வந்தது. 1972ஆம் ஆண்டு மஹிந்திரா சிஜே 3பி. பெட்ரோல் இன்ஜின், வலப்பக்க ஸ்டியரிங். வில்லிஸுக்குக் கேட்ட பணத்தில் பாதிகூட இல்லை. மருந்தடிக்கத் தண்ணீர் டிரம் ஏற்றிப் போய்ப் போய்ப் பின்பக்கத் தளம் முழுக்கத் துரு. பார்த்ததும் ஆசை வருகிற வண்டி இல்லை அது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏழு மாதம் அலைந்தேன். அந்த ஏழு மாதத்தில் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால், பழைய ஜீப் தேடும் யாருக்காவது உதவும்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். இங்கே ஜீப் என்றால் பிழைப்பு. விடிவதற்கு முன்பே தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் போடிமெட்டுக்குக் கிளம்பிவிடும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கேரளாவுக்குள் நுழைந்து, பூப்பாறை, சாந்தன்பாறை என்று பிரிந்து, அப்புறம் தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து உண்மையான பாதை தொடங்கும். கல்லும் சேறுமான அந்தத் தோட்டத்துப் பாதையில் மழைக்காலத்தில் ஏறக்கூடிய வண்டிகள் சிலவே. எங்கள் தோட்டம் சின்னது, மூன்று ஏக்கர். அப்பாவுக்கு முழங்கால் போனபின் வாரத்தில் இரண்டு நாள் நான்தான் போய் வருகிறேன். ஆக, எனக்கு வேண்டியது கண்காட்சியில் நிறுத்துகிற வண்டி இல்லை. ஏலக்காய் மூட்டையும் இரண்டு ஆட்களும் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற வண்டி வேண்டும்.

புது வண்டி வாங்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தாத்தாவிடம் ஒரு ஜீப் இருந்தது. இடப்பக்க ஸ்டியரிங், பின்னால் சிவப்பு எழுத்தில் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருக்கும். நான் நடக்கப் பழகும் முன்பே விற்றுவிட்டார்கள். "நம்ம வண்டி அமெரிக்கா வண்டிடா" என்று அவர் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த அமெரிக்கா வண்டிதான் வேண்டும் என்று எப்போதோ மனதில் விழுந்துவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. இப்படி ஒரு ஆசை உள்ளே இருந்தால், கண் முன்னால் இருக்கிற துரு தெரியாது.

அமெரிக்கா வண்டி என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். வில்லிஸ் எம்பி 1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்யப்பட்டது. அதே வரைபடத்தில் ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ. இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல். பர்மாப் போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்த வண்டிகளில் பல, போர் முடிந்ததும் திரும்பிப் போகாமல் இங்கேயே ஏலத்தில் விற்கப்பட்டன. அப்படித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவற்றைத்தான் இன்றைக்கும் பழைய ஆட்கள் 'டிஸ்போசல் ஜீப்' என்கிறார்கள். தாழ்ந்த பானட் இருப்பதால் சந்தையில் இதற்கு 'லோ பானட்' என்று பெயர்.

மஹிந்திராவின் கதை 1940களின் கடைசியில் மும்பை மசகானில் தொடங்குகிறது. அமெரிக்காவிலிருந்து பாகங்களாக வந்த வில்லிஸ் ஜீப்புகளை அங்கே பூட்டினார்கள். 1950களில் பாகங்களை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். வில்லிஸ் 1953இல் கொண்டுவந்த சிஜே 3பி என்ற மாடல்தான் மஹிந்திராவின் அடையாளமாக நிலைத்தது. அமெரிக்காவில் 1968இல் அதை நிறுத்திவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகும் பல காலம் வந்தது. ஜப்பானில் மிட்சுபிஷியும் இதே வரைபடத்தை வாங்கி ஜீப் செய்தது. பானட் உயர்ந்து, விளக்குகள் வெளியே தெரிகிற இந்த வண்டி 'ஹை பானட்'.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு வண்டி, உள்நாட்டு வண்டி என்று கத்தி வைத்து வெட்டினாற்போல் ஒரு கோடு இல்லை. முழுக்க அமெரிக்காவில் செய்து கப்பலில் வந்தது உண்டு. அமெரிக்கப் பாகங்களை மும்பையில் பூட்டியது உண்டு. பாதி அங்கே, பாதி இங்கே செய்ததும் உண்டு. கடைசியில் வந்தவைதான் முழுக்க இங்கே செய்தவை. மஹிந்திரா செய்தவற்றிலும் பானட் பக்கவாட்டில் 'வில்லிஸ்' என்று புடைத்த எழுத்து இருந்த காலம் உண்டு. பதிவுச் சான்றில் வில்லிஸ் என்று இருக்கிறது என்பதற்காக அது கடல் தாண்டி வந்தது என்று நம்பிவிடக் கூடாது.

என் மெக்கானிக் அண்ணனிடம் தாத்தாவின் ஜீப் இருக்கிற ஒரே புகைப்படத்தைக் காட்டினேன். முன்பக்கத்தை இரண்டு வேலையாட்கள் மறைத்து நிற்கிறார்கள். கிரில் தெரியாது. அவர் கிரில்லைத் தேடவில்லை, கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே விரலை வைத்தார். "பானட் எவ்வளவு மேல ஏறி வந்து முட்டுது பாரு. இது ஹை பானட் தம்பி. பாம்பேயில பூட்டுனது." இடப்பக்க ஸ்டியரிங் இருந்ததால் அதன் பாகங்களில் பலவும் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம் என்றும் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. தாத்தா பொய் சொல்லவில்லை. அவருக்கு விற்றவர்கள் சொன்னதை அவர் சொன்னார், அவ்வளவுதான்.

மறு வாரம் அண்ணனையும் கூட்டிக்கொண்டு பூப்பாறைக்குப் போனேன். கோணியை விரித்து, பல்பைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தவர் ஒரு மணி நேரம் எழவில்லை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

சேஸிஸ் உண்மையான வில்லிஸ். ரேடியேட்டருக்கு அடியில் குறுக்கே போகிற கம்பி உருண்டைக் குழாயாக இருந்தது. ஃபோர்டு செய்ததில் அது கவிழ்த்த 'ப' வடிவில் இருக்கும். ஆனால் சில போல்ட்டுகளின் தலையில் 'எஃப்' என்ற எழுத்து. ஃபோர்டு தன் பாகங்களில் அந்த எழுத்தைப் பொறித்தது. போரில் கையில் கிடைத்ததை மாற்றிப் போட்டிருப்பார்கள், அதில் குறை இல்லை. பாடி வேறு கதை. தரைத் தகடு புதுசு, வெல்டிங் கோடு புதுசு, கருவித் தட்டின் பித்தளைத் தகடுகூடப் புதுசு. பஞ்சாப், ஹரியாணா எல்லையில் மண்டி டப்வாலி என்ற ஊர் திறந்த ஜீப் கட்டுவதற்குப் பேர்போனது. அந்த மாதிரி இடத்திலிருந்து வந்த பாடி என்றார் அண்ணன். கியர் பெட்டி போர்க்கால டி-84 இல்லை, பின்னால் வந்த டி-90. அதுவும் இந்தியாவில் செய்தது. கார்புரேட்டரும் இந்தியா. டைனமோவை எடுத்துவிட்டு ஏதோ காரின் ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தது. இன்ஜின் பிளாக் மட்டும் பழையது, ஆனால் எண் பொறிக்கிற மேட்டை யாரோ அரைத்து வழவழப்பாக்கிவிட்டிருந்தார்கள்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இது: "சேஸும் ஆக்சில் ஹவுசிங்கும் அமெரிக்கா. மத்தது நம்ம ஊரு. நீ மொத்தத்துக்கும் அமெரிக்கா ரேட்டு குடுக்கப் போற."

பெரியவர் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. உடைய உடைய மாற்றித்தான் ஓட்டியிருக்கிறார்கள். பாகம் கிடைத்த இடம் இந்தியா, அதனால் இந்தியப் பாகம் ஏறியது. பாடியும் பித்தளைத் தகடும் ஓர் இடைத்தரகர் கைவண்ணம், அது பெரியவருக்கே தெரியாது. அரைத்த எண்தான் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. பதிவுச் சான்றில் உள்ள இன்ஜின் எண் வண்டியில் இல்லை என்றால், நாளைக்கு எஃப்.சி.க்கு நிற்கும்போது என்ன சொல்வது?

சின்னமனூர் மஹிந்திராவுக்கு அடியிலும் அவர் படுத்தார். அங்கே வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. சேஸிஸ் எண், இன்ஜின் எண், பதிவுச் சான்று மூன்றும் ஒத்துப்போயின. டீசல் மாற்றவில்லை. இது அபூர்வம். ஒரு காலத்தில் பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் வரிசையாக இன்ஜினைக் கழற்றிவிட்டு மேட்டடார் டீசலும் இசுசு டீசலும் ஏற்றினார்கள். அதைப் பதிவுச் சான்றில் ஏற்றாமல் விட்டவர்களின் வண்டிகள் இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் இப்படி மாற்றக் கூடாது. மலிவு என்று வாங்கினால் அந்தச் சிக்கலும் சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

இன்ஜின் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எம்பியில் இருப்பது எல்-134, சிஜே 3பியில் இருப்பது எஃப்-134. 134 என்பது கன அங்குலம், நம் கணக்கில் 2,200 சிசி. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்று, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஒன்று. வித்தியாசம் தலையில். எல்-134இல் இரண்டு வால்வுகளும் பிளாக்கின் பக்கவாட்டிலேயே இருக்கும். காற்று உள்ளே வந்து, சுற்றி வளைத்துத்தான் சிலிண்டருக்குள் போக வேண்டும். எஃப்-134இல் உள்ளே விடும் வால்வை மட்டும் தூக்கி மேலே ஹெட்டில் வைத்துவிட்டார்கள். பெரிய வால்வு, நேர் வழி. 60 குதிரைத்திறன் 72 ஆனது. அந்த உயரமான ஹெட்டை மூடத்தான் பானட்டைத் தூக்க வேண்டி வந்தது. ஹை பானட் என்று மக்கள் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிற அந்த உயரத்துக்குள் கூடுதலாக 12 குதிரைகள் இருக்கின்றன.

எல்-134க்கு ஒரு பெருமை உண்டு. மட்டமான பெட்ரோலிலும் ஓடும், பாகங்கள் குறைவு, சத்தம் மென்மையாக இருக்கும். ஐடிலில் அது துடிக்கிற ஓசையை ஒரு முறை கேட்டால் மறக்காது. தட்டையான ரோட்டில் எனக்கு அதுவே போதும். ஆனால் எனக்குத் தட்டை ரோடு இல்லையே.

மலையில் குதிரைத்திறனைவிட முக்கியமானது பல் கணக்கு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் ஆக்சில் விகிதம். எம்பியில் அது 4.88. சிஜே ஜீப்புகளில் வழக்கமானது 5.38. விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்பர் பெட்டியின் லோ கியர் எம்பியில் 1.97, சிஜேயில் 2.46. முதல் கியர் அங்கே 2.67, இங்கே 2.80. பெருக்கிப் பார்த்தால், லோ முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று வர எம்பியின் இன்ஜின் சுமார் 26 சுற்று சுற்றுகிறது, சிஜேயின் இன்ஜின் 37 சுற்று. காரணம் எளிது. எம்பி படைக்காகச் செய்தது, கான்வாயில் வேகமாகப் போக வேண்டும். சிஜே என்பதே 'சிவிலியன் ஜீப்' என்பதன் சுருக்கம். கலப்பை இழுக்கவும் பாரம் சுமக்கவும் விவசாயிக்காக மாற்றிச் செய்தது. ஈரக் கல்லில், கிளட்சைக் கருக்காமல், நடை வேகத்தில் மூட்டையோடு ஏறுவதற்கு எது வேண்டும் என்று அந்தக் கணக்குச் சொல்லிவிட்டது.

விற்கிறவர் வாயால் சொல்லும் விகிதத்தை நம்ப வேண்டாம். பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவா, ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவா என்று கண்ணாலேயே தெரியும். சின்னமனூர் வண்டியில் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. முன் ஆக்சிலிலும் அதே விகிதம்தானா என்று கட்டாயம் பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாற்றிப் பூட்டிய வண்டியில் ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்பர் பெட்டி நொறுங்கிவிடும்.

ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதிலும் நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் இடப்பக்க ஸ்டியரிங் ஆபத்து என்றே எல்லோரும் சொல்வார்கள். தோட்டத்துப் பாதையில் அது நேர் எதிர். இடது விளிம்பு எங்கே முடிகிறது என்று கால் நீட்டித் தொடுகிற தூரத்தில் தெரியும். பெரியவரின் வில்லிஸை ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தபோது அந்த நம்பிக்கை எனக்கும் வந்தது. ஆனால் போடிமெட்டு ரோட்டில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த முடியாது. எதிரே வருவது தெரிய வண்டி பாதி வெளியே வர வேண்டும். வலது கையை நீட்டிச் சைகை காட்டவும் முடியாது. அதனால்தான் சட்டத்தின் 120ஆம் பிரிவு, இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்குச் சைகை காட்டும் கருவி கட்டாயம் என்கிறது.

எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம் என்று மனது வில்லிஸ் பக்கமே சாய்ந்திருந்த நேரத்தில் காகித வேலை வந்தது. சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, 20 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு இந்தக் கட்டணத்தை உயர்த்தியது. சாதாரண கார், ஜீப்புக்கு 10,000 ரூபாய். இறக்குமதி செய்த நான்கு சக்கர வண்டிக்கு 80,000 ரூபாய். ஜிஎஸ்டி தனி. பெரியவர் பெருமையோடு காட்டிய அந்தச் சான்றில் இறக்குமதி என்ற சொல் தெளிவாக இருந்தது. வண்டி கேரளப் பதிவு வேறு. அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும்.

இன்னொரு வழி உண்டு. 50 வயதைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் விண்டேஜ் பதிவு கொண்டுவந்தார்கள். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். நல்ல ஏற்பாடு, வில்லிஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பட்டறைக்குப் போவது, இவ்வளவுதான். ஏலக்காய் மூட்டை அந்தப் பட்டியலில் இல்லை.

மஹிந்திராவை வாங்கினேன்.

வாங்கியபின் எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். தளத்துத் தகட்டை முழுக்க வெட்டிப் புதிதாகப் போட நான்கு மாதம் ஆனது. ஸ்டியரிங்கில் அரைச் சுற்று ஆட்டம். நடுவில் உள்ள பெல் கிராங்க்கைக் கழற்றிப் புஷ் மாற்றியபின்தான் நின்றது. இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் எல்லா ஹோஸும் மாற்றினேன். எம்பியாக இருந்தாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். பிரேக்தான் இன்னும் பயம். நான்கு சக்கரத்திலும் ஒன்பது அங்குல டிரம், ஒரே சர்க்யூட். ஓரிடத்தில் ஆயில் ஒழுகினால் நான்கும் போச்சு. இந்த விஷயத்தில் அமெரிக்கா வண்டிக்கும் நம் வண்டிக்கும் துளி வித்தியாசம் இல்லை. பதினேழு வளைவையும் இரண்டாவது கியரில்தான் இறங்குகிறேன், பின்னால் யார் ஹாரன் அடித்தாலும்.

பாகங்களுக்கு நான் போடி, தேனி, மதுரை தாண்டிப் போகவில்லை. கிங் பின் செட் தேனியில் கிடைத்தது. டிரான்ஸ்பர் பெட்டிப் பல் மதுரையில் ஒரு பழைய கடையில், மெழுகுத் தாளில் சுற்றியபடி இருந்தது. வில்லிஸ் வாங்கியிருந்தாலும் இதே கடைகளுக்குத்தான் வந்திருப்பேன். வெளிநாட்டில் எம்பியைப் புதுப்பிக்கிறவர்களே இந்தியாவில் செய்த பாகங்களை வாங்கிப் போடுகிறார்கள். அந்தச் சேஸிஸ்கள் இன்றும் ஓடுவதற்கு இந்த ஊர்ப் பட்டறைகளும் ஒரு காரணம் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வில்லிஸ் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். எண்கள் அழியாத, பாடி மாறாத ஒன்று கிடைத்து, கையில் வசதியும் இருந்தால் தயங்காமல் வாங்கிக் காப்பாற்றுங்கள். எனக்குக் கிடைத்தது அது இல்லை.

போன தையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு பூப்பாறைக்குப் போனேன். வாங்க முடியவில்லை என்று ஃபோனில் சொல்லியிருந்தேன், நேரில் சொல்லவில்லை என்ற உறுத்தல் இருந்தது. பெரியவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பானட்டைத் தட்டிப் பார்த்தார். "ஐயா, ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்தேன். வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். ஐம்பது வருடப் பழக்கத்தில் அவருடைய வலது கை கியரைத் தேடிக் கீழே போனது. அங்கே கியர் இல்லை, கதவில்லாத வெளியில் காற்றுதான் இருந்தது. கையை ஒரு நொடி அப்படியே வைத்திருந்தவர், அப்புறம் இடது கையைத் தூக்கி மெதுவாகக் கம்பியின் மேல் வைத்தார்.